மறுநாள் காலை நாலு இட்லி

டிக்கியைத் திறந்தது குடை எடுக்கத்தான். 2021, தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. மதுரையில் சாயங்காலம் ஆனால் மழை. ஸ்கூட்டர் டிக்கிக்குள் கையை விட்ட என் மனைவி, குடைக்குப் பதிலாக ஒரு காலி ஸ்வீட் பெட்டியை எடுத்தாள். அதன் அடியில் இன்னொன்று. அதற்கும் கீழே பரோட்டா பார்சல் கட்டிய தாள், வாழை இலை, சால்னா காய்ந்து ஒட்டிய பிளாஸ்டிக் பை.

"என்னங்க இது?"

"ஆபீஸ் குப்பை."

"ஆபீஸ் குப்பைய எதுக்கு வீட்டுக்குக் கொண்டாந்தீங்க?"

என்னிடம் பதில் இல்லை. இருபது வருஷமாக ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவன் நான். அடுத்தவர் கணக்கு எந்த இடத்தில் இடிக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. என் கணக்கு டிக்கியில் இடித்தது.

வேடிக்கை என்னவென்றால், அப்போது சொந்தபந்தத்தில் நான்தான் உதாரண புருஷன். 2019 தை மாதம் 96 கிலோ இருந்தவன், ஒரே வருஷத்தில் 75-க்கு வந்திருந்தேன். நம் ஊரில் எடை குறைந்தால் முதலில் யாரும் பாராட்ட மாட்டார்கள். "என்னப்பா, சுகரா?" என்பார்கள். ஒரு கல்யாண வீட்டில் தூரத்துச் சித்தப்பா ஒருவர் என்னைத் தனியாகக் கூட்டிப் போய், கடன் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். வியாதியும் இல்லை, கடனும் இல்லை என்று உறுதியான பிறகுதான் "எப்படிக் குறைச்சே, எங்களுக்கும் சொல்லு" என்று சுற்றி உட்கார்ந்தார்கள். நானும் கால் மேல் கால் போட்டுச் சொன்னேன். அரிசியை விட்டேன், இட்லி தோசையை விட்டேன், சர்க்கரையைத் தொடவில்லை, ராத்திரி சாப்பாடே இல்லை, விடிகாலையில் தெப்பக்குளத்தைச் சுற்றிப் பத்து ரவுண்டு.

சொல்லாமல் விட்டது ஒன்று. அந்த வருஷக் கடைசியிலிருந்தே வாரம் இரண்டு ராத்திரி எனக்கு வேறு ஒரு வாழ்க்கை இருந்தது.

மதுரையைத் தூங்கா நகரம் என்பார்கள். ராத்திரி பதினொன்றரைக்கும் கொத்து பரோட்டா தட்டுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். வேலை முடிந்து வருகிற வழியில் பார்சல் வாங்குவேன். "வீட்டுல எத்தனை பேருண்ணே?" என்று கடைப் பையன் கேட்பான். "நாலு பேர்" என்பேன். நாலு பேர் சாப்பாட்டையும் வண்டியை ஓரமாக நிறுத்தி, இருட்டில், நின்றபடியே தின்பேன். ருசி முதல் பரோட்டாவோடு போய்விடும். அதற்கப்புறம் கைதான் வாய்க்குப் போய்க்கொண்டிருக்கும், நான் அங்கே இருக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து எல்லோரும் தூங்கிய பிறகு சம்படத்தில் இருக்கும் காராச்சேவு. அது தீர்ந்தால் பாத்திரத்தில் மிஞ்சிய தயிர் சாதம். ஒரு நாள் எதுவும் இல்லாமல் தேங்காய்த் துருவலில் சர்க்கரையைக் கொட்டித் தின்றிருக்கிறேன். இன்னொரு நாள் குழந்தையின் சத்துமாவை வறுக்காமல், கரைக்காமல் ஸ்பூனால். வயிறு வலிக்கும்போதுதான் நிற்கும்.

மறுநாள் பட்டினி. பாவத்துக்குப் பரிகாரம் மாதிரி. காலையில் கறுப்புக் காபி, மதியம் ஒரு வெள்ளரிக்காய், சாயங்காலம் தெப்பக்குளத்தில் பத்துக்குப் பதில் பதினைந்து ரவுண்டு. வீட்டில் கேட்டால் சனிக்கிழமை விரதம் என்பேன். புரட்டாசியில் இது ரொம்ப வசதி, மாதம் முழுக்கச் சாக்கு கிடைக்கும். விரதம் என்று சொன்னவனை நம் வீடுகளில் யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. பெருமாளை நான் அந்த இரண்டு வருஷமும் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டேன்.

டிக்கி விஷயம் வெளியே வந்த பிறகு மனைவி திட்டவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "எனக்குத் தெரிஞ்சுடும்னு பயந்து தின்னீங்களா, இல்ல பசிக்குதுன்னு தின்னீங்களா?" என்று கேட்டாள். அதற்கு உண்மையான பதில் எனக்கே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

முதலில் போன மருத்துவர் இரண்டு நிமிஷம் கேட்டார். "வாயைக் கட்டணும் சார், மனசு வெச்சா முடியும்" என்று சொல்லி ஒரு டயட் தாளைக் கையில் கொடுத்தார். 21 கிலோ குறைத்தவனுக்கு மனசு வைக்கத் தெரியாதா? அந்தத் தாளைப் பின்பற்றிய மூன்றாவது நாள் ராத்திரி எட்டு பரோட்டா.

இரண்டாவதாகப் போனது ஒரு மனநல மருத்துவரிடம். போகிறோம் என்று யாருக்கும் சொல்லவில்லை. காத்திருக்கும் இடத்தில் எங்கள் ஆபீஸ் வாடிக்கையாளர் ஒருவரைப் பார்த்து, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, இதற்கு பிஞ்ச் ஈட்டிங் என்று பெயர் இருக்கிறது என்றார். சாதாரணமாக யாரும் சாப்பிடாத அளவைக் கொஞ்ச நேரத்துக்குள் தின்பது. தின்னும்போது நிறுத்த முடியாது என்ற உணர்வு. ஒளிந்து தின்பது, பிறகு அருவருப்பு. இது வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதமாக நடந்தால் அதை நோய் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1959-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டாராம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் தனி நோயாக இடம்பிடிக்க 2013 ஆகியிருக்கிறது. பெயர் இருக்கிறது என்று தெரிந்ததே எனக்குப் பாதி பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அதுவரை அதற்கு நான் வைத்திருந்த பெயர் 'தின்னிப்பண்டாரம்'.

ஒரு இடத்தில் மட்டும் பேனாவை நிறுத்தி யோசித்தார். தின்ற பிறகு வாந்தி எடுக்கிறீர்களா, பேதி மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். "மறுநாள் பட்டினியும் பதினைந்து ரவுண்டும்கூட, தின்னதை ஈடுகட்டுற அந்த வரிசையில் வர்ற விஷயம்தான். முதல்ல அதை நிறுத்துவோம்" என்றார். பரோட்டாவை நிறுத்தச் சொல்வார் என்று போனவனுக்கு இது புதிராக இருந்தது.

ஒரு நோட்டு போடச் சொன்னார். கலோரி எழுதக் கூடாது. நேரம், இடம், என்ன சாப்பிட்டேன், அப்போது மனசு எப்படி இருந்தது, அவ்வளவுதான். தின்று முடித்து மூன்று மணி நேரம் கழித்து நினைவிலிருந்து எழுதக் கூடாது, உடனே எழுத வேண்டும். கணக்குப்பிள்ளைக்குப் பிடித்த வேலை. ஆறு வாரத்தில் 11 முறை நடந்திருந்தது. அதில் 9 முறை, அன்று மதியம் நான் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கவில்லை. மற்ற இரண்டில் ஒன்று அலுவலகத்தில் வாங்கிய திட்டு, ஒன்று மாமனார் வீட்டு விசேஷம். நான் நினைத்துக்கொண்டிருந்தது ராத்திரி பதினொரு மணிக்குப் புத்தி கெட்டுப்போகிறது என்று. நோட்டு சொன்னது, மதியம் ஒன்றரைக்கே எல்லாம் ஆரம்பித்துவிட்டது என்று.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நடந்த பட்டினிச் சோதனையின் கதையை அவர்தான் சொன்னார். பிறகு நானும் தேடிப் படித்தேன். இரண்டாம் உலகப் போர் சமயம், 1944-இல் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி, மனசாட்சிப்படி போருக்குப் போக மறுத்த இளைஞர்கள் 36 பேரை வைத்து ஒரு சோதனை தொடங்குகிறார். ஆறு மாதம் அரைப் பட்டினி. உருளைக்கிழங்கு, ரொட்டி, மக்ரோனி என்று நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. எல்லோரும் உடம்பாலும் மனசாலும் திடமானவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள். சில மாதத்தில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லை. சமையல் புத்தகங்களைப் படிக்கிறார்கள், தட்டை நக்குகிறார்கள், கட்டுப்பாட்டை மீறித் திருட்டுத்தனமாகத் தின்று குற்ற உணர்வில் அழுகிறார்கள். சோதனை முடிந்து இஷ்டப்படி சாப்பிடலாம் என்று விட்டபோது சிலருக்கு வயிறு முட்டிய பிறகும் பசி அடங்கவில்லை. இதைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கியது. நான் அப்போது 'டயட்' என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தது அவர்களுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

சரி, வைத்தியம் என்ன? கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு முறை சிறுதீனி, எந்த இரண்டு சாப்பாட்டுக்கும் நடுவே நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது. பசித்தாலும் பசிக்காவிட்டாலும். ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் என்பவர் வடிவமைத்த சிகிச்சையில் முதல் படியே இதுதானாம். இதில் எனக்கு உயிர் போன இடம், மறுநாள் காலை. முந்தைய ராத்திரி வயிறு வெடிக்கத் தின்றவன் காலை எட்டு மணிக்கு நாலு இட்லி சாப்பிட வேண்டும். "ஒண்ணு? ரெண்டு?" என்று பேரம் பேசினேன். "வழக்கமா எத்தனை?" என்றார். "நாலு." "அப்ப நாலு."

முதல் முறை அந்த நாலு இட்லியைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பரோட்டாவுக்குக் கூடக் கூசாத கை இட்லிக்குக் கூசியது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவள் பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டேன். அன்று ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு நம்ப முடியவில்லை. இரண்டு வருஷமாகத் தின்ற மறுநாளோ அதற்கு அடுத்த சில நாளிலோ திரும்ப நடக்கும் என்பது சூரியன் உதிக்கிற மாதிரி நிச்சயமாக இருந்தது.

எடை ஏறிவிடுமே என்ற பயத்துக்கு நானே ஒரு கணக்குப் போட்டேன். ராத்திரி தின்றுவிட்டு மறுநாள் தராசில் ஏறினால் இரண்டு கிலோ கூடியிருக்கும், நெஞ்சு அடைத்துவிடும். ஆனால் ஒரு கிலோ கொழுப்பு சேரச் சுமார் 7,700 கலோரி தேவைக்கு மேல் உள்ளே போக வேண்டும். இரண்டு கிலோவுக்கு 15,400. ஒரு பரோட்டா 300 என்று தாராளமாக வைத்தாலும் ஐம்பதுக்கு மேல். நான் எவ்வளவு பெரிய ஆள் என்றாலும் ஐம்பது பரோட்டா தின்றதில்லை. மிச்சம் எங்கிருந்து வந்தது? உள்ளே போன சாப்பாட்டின் எடையே கொஞ்சம். அப்புறம் தண்ணீர். மாவுச்சத்து உடம்பில் கிளைகோஜன் என்ற கையிருப்பாகச் சேரும்போது, ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் கூடவே பிடித்து வைத்துக்கொள்ளும். சால்னா உப்பு இன்னும் கொஞ்சம் பிடித்து வைக்கும். வழக்கம்போலச் சாப்பிட்டால் நாலைந்து நாளில் பெரும்பகுதி தானே இறங்கிவிடுகிறது. பட்டினி போட்டுத்தான் இறக்கினேன் என்று இத்தனை நாள் நான் வரவு வைத்துக்கொண்டிருந்தது பொய்க் கணக்கு.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எடை குறைத்தவர்களிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. மெல்போர்னில் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரியில் வைத்து எடை குறைத்திருக்கிறார்கள். ஒரு வருஷம் கழித்தும் பசியைத் தூண்டுகிற ஹார்மோன் கூடுதலாகவும், போதும் என்று சொல்கிற ஹார்மோன் குறைவாகவும் இருந்திருக்கிறது. 2011-இல் வெளிவந்த ஆய்வு. அதாவது 75 கிலோ ஆள் ஒருவரும், 96-இலிருந்து 75-க்கு வந்த நானும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால், எனக்கு அதிகம் பசிக்கலாம். இது ஒழுக்கக் குறைவு இல்லை, உடம்பின் நிலுவை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு 75-ஐப் பிடித்துத் தொங்குவதை விட்டேன். இப்போது 78-க்கும் 80-க்கும் நடுவில் இருக்கிறேன், நாலு வருஷமாக. குறைத்ததில் நாலு கிலோவைத் திருப்பிக் கொடுத்து வாங்கிய நிம்மதி.

எடை பார்ப்பது புதன்கிழமை காலை மட்டும். இதிலும் ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டேன். அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு நடக்கிறது. 13.6 கிலோவாவது குறைத்து, ஒரு வருஷமாவது தக்கவைத்தவர்கள்தான் அதில் சேரலாம். அவர்களில் பெரும்பாலோர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள், காலைச் சாப்பாட்டை விடுவதில்லை, நாளுக்கு ஒரு மணி நேரம் போல உடம்பை அசைக்கிறார்கள் என்று படித்தேன். வாரம் ஒன்று நல்லது என்றால் தினம் ஒன்று இன்னும் நல்லது என்று என் மூளை முடிவு செய்தது. மூன்றாவது வாரம் அரை கிலோ ஏற்றத்துக்காக மதியச் சாப்பாட்டை விட்டேன். அன்று ராத்திரி என்ன நடந்தது என்று நோட்டில் இருக்கிறது. தராசு இப்போது பரண் மேல். செவ்வாய் ராத்திரி மனைவி இறக்கி வைப்பாள்.

பலிக்காதவையும் உண்டு. தின்பண்டத்தை அலமாரியில் பூட்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்தோம். ஒரு ராத்திரி ஒன்றரை மணிக்கு அவளை எழுப்பிச் சாவி கேட்டேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவ்வளவு அவமானமாக எதையும் நான் கேட்டதில்லை. பூட்டை எடுத்துவிட்டோம். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் அடங்கும் என்றார்கள். வயிற்றில் தண்ணீரோடும் பரோட்டா போகும்.

ஓரளவு பலித்தது இஸ்திரி. அந்த வெறி வந்தால் இருபது நிமிஷம் தள்ளிப் போடு, அந்த நேரம் கைக்கு ஒரு வேலை கொடு என்றார் மருத்துவர். மறுநாள் சட்டையைத் தேய்க்க ஆரம்பித்தேன். சூடான பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காராச்சேவு எடுக்க முடியாது. பாதி நாள் இருபது நிமிஷத்தில் அடங்கிவிடும், பாதி நாள் அடங்காது. ஆனால் ஆபீசில் நான்தான் மடிப்புக் கலையாத சட்டைக்காரன். காரணம் அவர்களுக்குத் தெரியாது.

பரோட்டாவை விடவில்லை. விட்டால் அது ஏங்க வைக்கும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கடைக்குப் போய், உட்கார்ந்து, இலையில் போடச் சொல்லி இரண்டு. பார்சல் மட்டும் கிடையாது. முதல் மூன்று ஞாயிறும் சொதப்பியது, அன்று ராத்திரியே பார்சல் வாங்கினேன். நான்காவது ஞாயிறு, இரண்டாவது பரோட்டாவை முழுக்க முடிக்காமல் கை கழுவப் போனேன். என் பெண் மிச்சத்தை எடுத்துச் சாப்பிட்டாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரியும் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று. சாயங்காலம் நாலு மணி டீயோடு ஒரு வடையும் திரும்ப வந்தது. முன்பெல்லாம் வடையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், எல்லோரையும் விட உசத்தி என்ற நினைப்போடு.

கஷ்டமான காலம் தீபாவளி. ஆடிட்டர் ஆபீசுக்கு வாடிக்கையாளர்களிடமிருந்து ஸ்வீட் பெட்டி வந்து குவியும். இப்போது என் பங்கை அங்கேயே வாட்ச்மேனுக்கும் துப்புரவு அம்மாவுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வருவேன், டிக்கியில் இல்லை, முன்னால் தொங்கவிட்டு. அம்மாவைச் சமாளிப்பதுதான் ஸ்வீட்டைவிடக் கடினம். "எம்புள்ள எலும்பா போயிட்டான்" என்று நெய்யை ஊற்றுவாள். அவளிடம் நோய், மனசு என்றெல்லாம் சொல்லிப் பயனில்லை. "அம்மா, எட்டு மணிக்கும் ஒன்றரைக்கும் என்னைப் பட்டினி போடாம பாத்துக்க, அது போதும்" என்றேன். அந்த வேலையை அவளைவிடச் சிறப்பாகச் செய்ய ஆள் கிடையாது. ஒன்றரை தாண்டினால் போன் வரும்.

என்னைப் போலத்தான் எல்லோருக்கும் இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. தின்றதை வாந்தி எடுக்கிறவர்கள், பேதி மாத்திரை போடுகிறவர்கள் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் போக வேண்டும், அது இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடியது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் பட்டினி கிடந்து பரிகாரம் தேடினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416-க்குப் போன் செய்யலாம். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல எண், தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கியது. ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் அந்த வாடிக்கையாளரை நான் பார்க்க வேண்டி வந்திருக்காது.

நின்றுவிட்டதா என்று கேட்டால், இல்லை. வாரம் இரண்டாக இருந்தது இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று ஆகியிருக்கிறது. போன மாதம்கூட நடந்தது. ரிட்டர்ன் வேலையில் மதியச் சாப்பாடு நாலரைக்குப் போனது, அம்மா ஊரில் இல்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், இப்படி இருக்கிறது:

"இரவு 11.40. வண்டியில். பரோட்டா 6, காராச்சேவு ஒரு பாக்கெட். மனசு: ஒன்றும் தெரியவில்லை."

அடுத்த வரி:

"காலை 8.10. வீட்டில். இட்லி 4, தக்காளிச் சட்னி. மனசு: சட்னியில் உப்பு கம்மி."